ஆற்று நீரின் உஷ்ணமும் மீன் பெருக்கமும்

நெல் பயிரிடும் விவசாயி மழையின் அளவையும், வாய்க்காலில் வரும் தண்ணீரின் அளவையும் கணக்கிட்டுப் பார்ப்பது வழக்கம். தண்ணீரின் உஷ்ணத்தை அளந்து பார்ப்பவர் மிகச் சிலரே. ஆயினும், அந்தத் தண்ணீரிலேயே பிறந்து அதிலேயே சுவாசித்து வாழும் மீனுக்கு, தண்ணீரின் அளவைப் போலவே அதன் உஷ்ணமும் உயிர்நிலையான விஷயமாகும். மனிதனும் ஆடு மாடுகளும் வெளியில் வெயிலடித்தாலும் குளிர் வீசினாலும் தம் உடம்பின் சூட்டை ஒரே நிலையில் வைத்துக்கொள்ளும் சக்தி வாய்ந்தவர்கள். ஆற்று மீனுக்கு அச்சக்தி கிடையாது. தண்ணீர் எவ்வளவு சூடோ, அதன் உடம்பும் அவ்வளவே சூடு. முட்டையாகக் கிடக்கும் பருவத்திலோ, வேறிடம் தேடிச் செல்லவும் அதனால் இயலாது.

ஆற்றின் உஷ்ணத்தை அளந்து, அதிலிருந்து வருங்காலத்து மீன் தொகையை முன்கூட்டியே கணக்கிடும் முறை ஒன்று உண்டு. வீடு கட்டுமுன் வரையும் படம் வீடாகாவிட்டாலும், வீட்டின் அளவுகளை அறிய உதவுவது போல, இக்கணக்கும் ஆறாகாவிட்டாலும் ஆற்றின் போக்கை அறிய உதவுகிறது. ஆகவே இதனை மாதிரிக் கணக்கு என்று சொல்லுவர். அது எவ்வாறு அமைக்கப்படுகிறது, எங்கே பிழைபட்டது, எவ்வாறு திருத்தப்பட்டது என்பவற்றை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். இதற்கு உதாரணமாக அமெரிக்க ஐக்கிய நாட்டில் கலிபோர்னியா மாகாணத்திலுள்ள சாக்ரமெண்டோ நதி எடுத்துக்கொள்ளப்படுகிறது. அந்நதியின் நீர் மீனுக்கு மட்டுமன்றி நெல்லுக்கும் பாய்வதால், அங்கு நேர்ந்தவை விவசாயிகளான சங்க அங்கத்தினர்களுக்கு எளிதில் விளங்கும்.

நதியும் மீனும்

சாக்ரமெண்டோ நதி கலிபோர்னியாவின் வடபாகத்து மலைகளில் உற்பத்தியாகித் தெற்கு நோக்கி ஓடி, ஸான் பிரான்ஸிஸ்கோ வளைகுடாவின் வழியே கடலையடைகிறது. அம்மாகாணத்தில் விளையும் நெல்லில் மிகப் பெரும் பகுதி இந்நதியின் பள்ளத்தாக்கிலேயே விளைகிறது.

இந்நதியில் சினூக் ஸால்மன் என்னும் பெரிய மீன் வாழ்கிறது. அது ஆற்றில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பிவந்து, முட்டையிட்டபின் இறந்துவிடும். ஆற்றில் ஏறும் பருவத்தைக்கொண்டு இம்மீனை நான்கு வகுப்புகளாகப் பிரித்திருக்கின்றனர். அவற்றுள் குளிர்கால வகுப்பு என்பது உலகில் வேறெந்த ஆற்றிலும் காணப்படாதது. இவ்வகுப்பு மீன்கள் குளிர்காலத்தில் ஆற்றில் ஏறி, கோடையில் முட்டையிடுகின்றன. பெண்மீன் வாலால் கூழாங்கற்களை அகற்றிக் குழி செய்து, சில ஆயிரம் முட்டைகளை இட்டு, மீண்டும் கூழாங்கற்களால் மூடிவிடுகிறது.

வெப்பமான கோடையில் ஏன் முட்டையிட வேண்டும் என்ற கேள்வி இயல்பாக எழும். முற்காலத்தில் இம்மீன்கள் மக்லவுட் முதலிய மேலாறுகளுக்கு ஏறிச் சென்றன. அவ்வாறுகள் எரிமலைப் பாறைகளிடையே ஊறும் சுனைகளால் ஊட்டப்பட்டு, கடுங்கோடையிலும் குளிர்ந்தே ஓடுபவை. ஆகவே அங்கு கோடை முட்டைகளுக்குத் தீங்கு நேரவில்லை. மக்லவுட் ஆற்றங்கரையில் 1872-ஆம் ஆண்டிலேயே லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்பவர் ஸால்மன் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைக்கும் நிலையம் ஒன்றை நிறுவினார் என்பதிலிருந்து, அப்பிரதேசத்தின் மீன்வளம் எத்தகையது என்பதை ஊகிக்கலாம்.

1938-ஆம் ஆண்டில் தொடங்கி 1945-இல் முடிவுற்ற ஷாஸ்டா அணை, இம்மேலாறுகளுக்குச் செல்லும் வழியை அடைத்துவிட்டது. 602 அடி உயரமுள்ள அவ்வணையைத் தாண்டி மீன் ஏறுவதற்கு மார்க்கமில்லை. அதற்குச் சற்றுக் கீழே கெஸ்விக் என்னும் சிறிய அணையும் 1950-இல் முடிவுற்றது. அன்று முதல் குளிர்கால வகுப்பு மீன்கள், அணைக்குக் கீழே ரெட்டிங் நகரத்தை அடுத்த சமவெளியாற்றில் முட்டையிடலாயின. கோடையில் காற்றின் உஷ்ணம் 38 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறும் இடம் அது. 1969-இல் 1 லட்சத்துக்கு மேற்பட்டிருந்த இவ்வகுப்பு மீன்களின் தொகை, 1994-இல் 200-க்கும் கீழே இறங்கிற்று. அவ்வாண்டில் மத்திய சர்க்கார் இதனை அழியும் நிலையிலுள்ள ஜந்துக்களின் பட்டியலில் சேர்த்தனர்.

இம்மீன்கள் பெரும்பாலும் மூன்றாம் வயதில் முட்டையிட வருவன. ஆகையால் ஓராண்டின் முட்டைகள் அழிந்தால், அதன் விளைவு மூன்றாண்டுகளுக்குப் பின் தெரியும். தொடர்ந்து மூன்றாண்டுகள் முட்டைகள் அழிந்தாலோ, ஆற்றில் இயற்கையாகத் தொடரும் வமிசமே ஏறக்குறைய அற்றுப்போகும். விதைநெல் இல்லாமற்போன கிராமத்தின் நிலைக்கு இது ஒப்பாகும்.

அணையும் குளிர்நீர்ச் சேமிப்பும்

அணையே மீனின் வழியை அடைத்தது. எனினும் அணைக்குள்ளேயே மீனைக் காக்கும் சாதனமும் இருந்தது. ஆழ்ந்த நீர்த்தேக்கத்தில் கோடைக்காலத்தில் வெயிலின் சூடு மேற்பரப்பு நீரையே பெரிதும் பற்றுகிறது. சூடான நீர் இலேசானதாகையால் மேலே நிற்கும். குளிர்காலத்தில் வந்து சேர்ந்த குளிர்ந்த நீர் கனமானதாகையால் அடியில் தங்கும். இரண்டும் எளிதில் கலப்பதில்லை. ஆகவே அடிமதகின் வழியாக நீரை விட்டால் ஆறு குளிரும். மேல்மட்டத்திலிருந்து விட்டால் ஆறு சூடேறும்.

தொடக்கத்தில் மின்சார இயந்திரங்களுக்குச் செல்லும் குழாய்கள் நடுமட்டத்திலேயே அமைந்திருந்தன. அடிநீரை மீனுக்காக விடவேண்டுமானால், அதை இயந்திரங்களுக்குச் செலுத்தாமல் வேறு மதகுகளின் வழியே விடவேண்டியிருந்தது, மின்சாரம் நஷ்டமாயிற்று. இதை நிவர்த்திக்க, அணையின் உட்புறத்தில் பல மட்டங்களில் கதவுகள் பொருத்திய பெரிய இரும்பு அமைப்பு ஒன்று சுமார் 8 கோடி டாலர் செலவில் கட்டப்பட்டு, 1997-இல் வேலை செய்யத் தொடங்கிற்று. வேண்டிய மட்டத்துக் கதவைத் திறந்து, வேண்டிய உஷ்ணமுள்ள நீரை இயந்திரங்களின் வழியாகவே ஆற்றில் விட இதனால் சாத்தியமாயிற்று.

ஆயினும் கதவுகள் குளிர்நீரை உண்டாக்கமாட்டா. இருப்பதைப் பங்கிடவே உதவும். குளிர்நீர் என்பது குதிரில் இட்ட நெல்லைப் போன்றது. குளிர்காலத்தில் சேர்ந்ததைக்கொண்டு அக்டோபர் வரையில் காலந்தள்ள வேண்டும். ஜூன், ஜூலை மாதங்களில் தாராளமாகச் செலவிட்டால் செப்டம்பரில் குதிர் காலியாகும். எந்த நாளில் எவ்வளவு குளிர்ச்சி மீனுக்கு இன்றியமையாதது என்று அறிந்தாலன்றி இச்செலவைத் திட்டம் செய்ய இயலாது. இதனாலேயே மாதிரிக் கணக்கு அவசியமாயிற்று.

கணக்கு அமைக்கும் விதம்

இக்கணக்குக்கு வேண்டிய விவரங்கள் மூன்று. முதலாவது, முட்டையிட்ட பெண்மீன்களின் தொகை. முட்டையிட்டபின் இறந்து கிடக்கும் மீன்களை ஆட்கள் படகிற் சென்று எண்ணி, அதைக்கொண்டு மொத்தத் தொகையைக் கணிக்கின்றனர். இரண்டாவது, முட்டைக்குழிகள் உள்ள இடமும், முட்டையிட்ட நாளும், அவ்விடத்தில் நாள்தோறும் கண்ட நீரின் உஷ்ணமும். மூன்றாவது, பொரித்து வெளிவந்த குஞ்சுகளின் தொகை. ரெட் பிளப் என்னும் ஊருக்கருகில் ஆற்றில் சுழலும் பொறிகளை மிதக்கவிட்டு, அதில் அகப்படும் குஞ்சுகளை எண்ணி, ஆறு முழுவதும் இறங்கிச் செல்லும் குஞ்சுகளை மதிப்பிடுகின்றனர். இட்ட முட்டைகளில் 100-க்கு எத்தனை குஞ்சுகளாயின என்பது இவற்றிலிருந்து தெரியவரும்.

பின்னர் இரு கணக்குகள் போடப்படுகின்றன. ஒன்று வளர்ச்சிக் கணக்கு. மற்றொன்று சேதக் கணக்கு.

வளர்ச்சிக் கணக்கு எளியது. தினந்தோறும் கண்ட உஷ்ணத்தின் டிகிரிகளை ஒன்றாகக் கூட்டிக்கொண்டே வந்தால், கூட்டுத்தொகை ஏறத்தாழ 950 ஆகும்போது ஸால்மன் குஞ்சு கூழாங்கற்களைவிட்டு வெளிவரும். நீர் 10 டிகிரியாக இருந்தால் இதற்கு 95 நாட்கள் ஆகும். 12 டிகிரியானால் சுமார் 79 நாட்கள் போதும். உஷ்ணம் கூடினால் வளர்ச்சி விரைவாகிறது என்பது இதன் பொருள். இதைமட்டும் பார்ப்பவர், சூடு நல்லதென்றே எண்ணக்கூடும்.

சேதக் கணக்கு அவ்வெண்ணத்தைத் திருத்துகிறது. ஒரு குறிப்பிட்ட எல்லை வரையில் உஷ்ணத்தினால் முட்டைகளுக்குச் சேதமில்லை. அவ்வெல்லையைக் கடந்தால், கடந்த ஒவ்வொரு டிகிரிக்கும், ஒவ்வொரு நாளும், உயிரோடிருக்கும் முட்டைகளில் ஒரு குறிப்பிட்ட வீதம் மடியும். நாணய சங்கத்து அங்கத்தினர்கள் கூட்டுவட்டிக் கணக்கை நன்கறிவர். கூட்டுவட்டியில் முதல் நாளுக்கு நாள் பெருகுவதுபோல, இங்கே முதல் நாளுக்கு நாள் குறைகிறது. குறைந்த முதலின்மேலேயே மறுநாளின் நஷ்டம் கணக்கிடப்படுகிறது.

கணக்கின் வழியை விளக்குவதற்காக, எல்லை 12 டிகிரி என்றும், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு டிகிரிக்கும் நாளொன்றுக்கு 100-க்கு 2 வீதம் சேதம் என்றும் வைத்துக்கொள்வோம். 100 முட்டைகள் ஒரே உஷ்ணத்தில் 30 நாட்கள் இருந்தால், மிஞ்சுபவை பின்வருமாறு:

12 டிகிரியில் 100 முட்டைகள்.
13 டிகிரியில் 55 முட்டைகள்.
14 டிகிரியில் 29 முட்டைகள்.
15 டிகிரியில் 16 முட்டைகள்.

கையால் தொட்டுப் பார்ப்பவனுக்கு 12 டிகிரி நீருக்கும் 14 டிகிரி நீருக்கும் வித்தியாசம் தெரியாது. முட்டைக்கோ, அவ்விரண்டு டிகிரியும் 30 நாட்களில் 100-க்கு 71 உயிர்களின் வித்தியாசமாகிறது. சிறு வட்டி நெடுநாள் ஏறினால் பெருங்கடனாவதை அறிந்தவர்க்கு இது ஆச்சரியந் தராது.

இக்கணக்கில் உயிர்நாடியானது எல்லை எது என்பதே. எல்லையை 12 என்று வைப்பதற்கும் 15 என்று வைப்பதற்கும் உள்ள பேதத்தில் ஒரு வமிசத்தின் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கின்றன. சாக்ரமெண்டோவில் பிழை நேர்ந்ததும் இவ்விடத்திலேதான்.

பாத்திரத்தில் கண்டதும் ஆற்றில் கண்டதும்

ஸால்மன் முட்டைகளைப் பரிசோதனைச் சாலையில் வெவ்வேறு உஷ்ணமுள்ள நீரில் வைத்துப் பார்த்தபோது, சுமார் 15 டிகிரி வரையில் பெருஞ்சேதம் காணப்படவில்லை. மாகாணத்து நீர் அதிகாரிகள் 1990-இல் பிறப்பித்த உத்தரவில், முட்டைகள் கிடக்கும் ஆற்றுப் பகுதியில் உஷ்ணம் 56 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது 13.3 டிகிரி சென்டிகிரேடுக்கு, மேற்படலாகாது என்று விதிக்கப்பட்டது. பரிசோதனைச் சாலையில் கண்ட எல்லைக்குக் கீழேயே இவ்விதி அமைந்திருந்தமையால், இது போதிய காப்பென்று கருதப்பட்டது.

2014, 2015 ஆகிய ஆண்டுகளில் கலிபோர்னியாவைக் கடும் வறட்சி பீடித்தது. ஷாஸ்டா நீர்த்தேக்கத்தில் குளிர்நீர் குறைந்துபோய், கோடையின் இறுதியில் ஆறு சூடேறிற்று. வழக்கமாக இட்ட முட்டைகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குஞ்சுகளாகி ரெட் பிளப்பைக் கடப்பதுண்டு. அவ்விரண்டு ஆண்டுகளிலும் கடந்தவை 100-க்கு 6-க்கும் குறைவு. பாத்திரத்துப் பரிசோதனைகளைக்கொண்டு எதிர்பார்த்ததற்கு மிகவும் மேற்பட்ட சேதம் இது.

இதன் காரணத்தை ஆராய்ந்த மத்திய சர்க்காரின் மீன்வள விஞ்ஞானிகளும் அவர்களைச் சேர்ந்தோரும் 2017-இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். பல ஆண்டுகளில் ஆற்றில் எண்ணிய குஞ்சுகளின் கணக்கையும் உஷ்ணக் கணக்கையும் ஒப்பிட்டபோது, ஆற்றில் சேதம் தொடங்கும் எல்லை சுமார் 12 டிகிரி என்று தெரிந்தது. பரிசோதனைச் சாலையின் எல்லையைக் காட்டிலும் இது சுமார் 3 டிகிரி தாழ்ந்தது. முட்டை அதே முட்டைதான். வேறுபட்டது அது கிடந்த இடம்.

வேற்றுமைக்குக் காரணம் பிராணவாயு. முட்டைக்குச் செவுள் கிடையாது. தன் ஓட்டைத் தடவிச் செல்லும் நீரிலுள்ள பிராணவாயு உள்ளே ஊறிவருவதைக்கொண்டே கரு உயிர்வாழ்கிறது. உஷ்ணம் கூடக்கூடக் கருவின் வளர்ச்சி துரிதமாகி, அதற்கு வேண்டிய பிராணவாயுவும் மிகுகிறது. அதே சமயத்தில் சூடான நீரில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறைகிறது. பரிசோதனைச் சாலையில் நீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தமையால், செலவான பிராணவாயு உடனுக்குடன் ஈடு செய்யப்பட்டது. ஆற்றுக் குழியிலோ, கூழாங்கற்களின் இடுக்குகளில் நீர் மிக மெதுவாகவே கசிந்து செல்கிறது. முட்டையைச் சுற்றிப் பிராணவாயு குறைந்த நீர்ப்படலம் ஒன்று தங்கிவிடுகிறது. ஒரே சன்னலுள்ள அறையில் பத்துப்பேர் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம்; அப்பத்துப்பேரும் உரலிடிக்கத் தொடங்கினால் மூச்சுமுட்டும். சூடான ஆற்றில் முட்டையின் நிலை இதுவே. ஸால்மன் முட்டை பட்டாணியளவு பெரிதாகையால், அதன் பருமனுக்குத் தக்க மேற்பரப்பு இல்லாமல் இந்நெருக்கடி இன்னும் மிகுகிறது.

பாத்திரத்துப் பரிசோதனை பொய்யன்று. அது கேட்ட கேள்விக்கு அது சரியான விடையையே அளித்தது. நன்றாக ஓடும் நீருக்குக் கிடைத்த விடையை, மெதுவாகக் கசியும் நீருக்கும் பொருந்துமென்று கொண்டதே தவறு. சர்க்கார் பண்ணையில் ஏக்கருக்கு இத்தனை மூட்டை விளைந்த விதை, மேட்டு நிலத்திலும் அவ்வளவே விளையுமென்று எதிர்பார்ப்பதைப் போன்றது இது. பிற்பட்ட திட்டங்களில் 56 டிகிரிக்குப் பதிலாக 53.5 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 11.9 டிகிரி சென்டிகிரேட், என்னும் அளவு இடம்பெறலாயிற்று.

நெல்லுக்கும் மீனுக்கும் பங்கீடு

தாளில் ஒன்றரை டிகிரி குறைத்து எழுதுவது எளிது. ஆற்றில் அதை நிறைவேற்றுவதற்குக் குளிர்நீர் வேண்டும். குளிர்நீரைச் செப்டம்பர் வரையில் காப்பதற்கு, வசந்தகாலத்தில் நீர்த்தேக்கத்தை இறக்காமலிருக்க வேண்டும். அதே வசந்தகாலம்தான் சாக்ரமெண்டோப் பள்ளத்தாக்கில் நெல்வயல்களுக்கு நீர் பாய்ச்சும் காலம். ஆகவே முட்டையின் எல்லையில் செய்த திருத்தம் விவசாயியின் வயலில் வந்து முடிகிறது.

அப்பள்ளத்தாக்கில் பழைய பாத்தியதையுள்ள நீர்ப்பாசன ஜில்லாக்கள், வறட்சியாண்டிலும் தங்கள் அளவில் 100-க்கு 75 வீதம் பெறுவதாக மத்திய சர்க்காருடன் ஒப்பந்தம் செய்துகொண்டவை. 2021-இல் மறுபடியும் வறட்சி கடுமையாகி, குளிர்கால வகுப்பின் முட்டைகளில் 100-க்கு 3-க்கும் குறைவானவையே குஞ்சுகளாயின. 2022-இல் அந்த ஜில்லாக்களுக்குக் கிடைத்தது 100-க்கு 18 வீதமே. பரந்த நெல்வயல்கள் தரிசாய்க் கிடந்தன. நிலச் சொந்தக்காரர்கள் மட்டுமன்றி, அறுவடைக் கூலியாட்களும், அரிசி ஆலைகளில் வேலை செய்வோரும், வண்டி ஓட்டுவோரும் கஷ்டமடைந்தனர். தண்ணீர் நின்ற வயல்களை நாடிவரும் நீர்ப்பறவைகளுக்கும் இடம் சுருங்கிற்று.

இவ்விஷயத்தில் ஒரு தரப்பை நல்லதென்றும் மறு தரப்பைத் தீயதென்றும் சொல்லிவிட முடியாது. நெல் விளைப்பவரின் பிழைப்பும் உண்மை. மீன்பிடித்துப் பிழைப்பவரின் உரிமையும் உண்மை. மக்லவுட் ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த வினமம் விண்டு என்னும் ஆதிக்குடிகளுக்கு, ஸால்மன் உணவு மட்டுமன்று; வழிபாட்டோடு சேர்ந்த பொருளுமாகும். 2022-ஆம் ஆண்டின் கோடையில், சர்க்கார் இலாகாக்களும் அம்மக்களும் சேர்ந்து, சுமார் 40,000 முட்டைகளை அணைக்கு மேலுள்ள மக்லவுட் ஆற்றுக்குக் கொண்டுசென்று பொரிக்கவைத்தனர். குளிர்நீரை மீனிடம் கொண்டுவருவதற்குப் பதிலாக, மீனைக் குளிர்நீரிடம் கொண்டுசெல்லும் முயற்சி இது.

இத்தனை பேருடைய நலன்கள் ஓர் எண்ணைப் பொறுத்திருக்கும்போது, அவ்வெண் எங்கிருந்து வந்தது, எத்தனை ஆண்டு அளவுகளால் சோதிக்கப்பட்டது என்று கேட்பதற்கு எல்லாத் தரப்பாருக்கும் உரிமையுண்டு. நஷ்டமடைபவர்க்கு அவ்வுரிமை இன்னும் அதிகம்.

கணக்கின் எல்லைகள்

மாதிரிக் கணக்கு எல்லாவற்றையும் அறிந்ததன்று. மேலே சொன்ன கணக்கு, முட்டைப் பருவம் முழுவதிலும் சேத வீதம் ஒன்றே என்று கொள்கிறது. பொரிப்பதற்குச் சற்று முன்னரே கருவுக்குப் பிராணவாயு மிக வேண்டியிருப்பதால், அந்நாட்களிலேயே உஷ்ணத்தின் கொடுமை அதிகம் என்று வேறு சில விஞ்ஞானிகள் கருதுகின்றனர். முதற்கருத்துச் சரியானால், கோடை முழுவதும் ஒரே சீராகக் குளிர்நீர் விடவேண்டும். இரண்டாவது சரியானால், முக்கியமான சில வாரங்களில் குளிர்நீரைச் சேர்த்து விட்டு, மற்ற நாட்களில் சிக்கனம் செய்யலாம். ஆகவே இது புத்தகத்தோடு நிற்கும் விவாதமன்று. மதகைத் திறக்கும் நாளையே மாற்றக்கூடியது.

மேலும், குஞ்சு மடிவதற்கு உஷ்ணம் ஒன்றே காரணமன்று. பெரிய மீன்கள் குஞ்சுகளைத் தின்னும். வெள்ளத்தில் வண்டல் படிந்து முட்டைக்குழி மூடிப்போகும். 2020-இல் மற்றொரு காரணமும் வெளிப்பட்டது. கடலில் ஒரேவகைச் சிறு மீனையே பெரிதும் தின்றுவந்த ஸால்மன்களின் முட்டைகளில், தயமின் எனப்படும் பி-1 உயிர்ச்சத்துக் குறைந்திருந்ததால், குஞ்சுகள் நிலைதடுமாறி மடிந்தன. தவிடு நீக்கிய அரிசியையே உண்டவர்களுக்குப் பெரிபெரி நோய் கண்டதும் இதே சத்துக் குறைவினாலேயே என்பது அங்கத்தினர்களுக்கு நினைவிருக்கும். இத்தகைய ஆண்டில் குஞ்சுகள் குறைந்ததற்கெல்லாம் உஷ்ணத்தையே காரணமாக எழுதினால், கணக்கு மீண்டும் பிழைபடும்.

ஆகையால், ஆண்டுதோறும் முன்கூட்டி எழுதிய எண்ணையும், பின்னர் ஆற்றில் எண்ணிய எண்ணையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் கணக்கில் நம்பிக்கை வளரும். ஒவ்வாதிருந்தால், ஆற்றைக் குறைகூறாமல் கணக்கையே திருத்த வேண்டும். சங்கத்தின் பேரேட்டைப் பெட்டியிலுள்ள ரொக்கத்தோடு ஒத்துப் பார்க்கும் தணிக்கையாளர் செய்வதும் இதுவேயாகும்.

கூட்டுறவுச் சங்கங்கள் கைக்கொள்ளத்தக்கவை

ஸால்மனுக்குரிய 12 டிகிரி என்னும் எண் குளிர்நாட்டு மீனுக்கே உரியது. நமது ஏரி குளங்களில் வளரும் கெண்டை இனங்கள் வெப்பநீருக்குப் பழகியவை. அவ்வெண்ணை அவற்றுக்குப் பொருத்துவது பேதைமை. ஆயின், முறை எவ்விடத்துக்கும் பொதுவானது. மீன்பாசி குத்தகை எடுக்கும் சங்கங்கள் பின்வருவனவற்றை அதிகச் செலவின்றிச் செய்யலாம்.

1. ஓர் உஷ்ணமானியும் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கி, ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில், தினமும் சூரியோதயத்திலும் பிற்பகலிலும் நீரின் உஷ்ணத்தைக் குறித்துவர வேண்டும். உஷ்ணமானியின் குமிழ் நீருக்குள் இருக்கும்போதே எண்ணைப் படிக்க வேண்டும். வெளியே எடுத்தால் காற்றின் உஷ்ணம் கலந்துவிடும்.

2. நீரின் ஆழத்தையும், மழை பெய்த நாளையும், மீன் மடிந்த நாளையும், மடிந்தவற்றின் எண்ணிக்கையையும் அதே புத்தகத்தில் எழுத வேண்டும். ஒன்றும் நேராத நாளையும் எழுதுவது அவசியம். நோயாளியை மட்டும் எண்ணி ஊரின் ஆரோக்கியத்தை அறிய முடியாது.

3. 10 டிகிரியுள்ள நல்ல நீரில், லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் 7½ மில்லிகிராம் அளவே கரையும். இரவில் நீர்ப்பாசிகளும் பிராணவாயுவைச் செலவிடுவதால், விடியற்காலமே அபாயமான நேரம். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய்திறந்து மூச்சுவிடுவதை அந்நேரத்தில் கவனித்தால், அன்றைய தினம் தீவனத்தையும் எருவையும் நிறுத்தி, கூடுமானால் புதுநீர் பாய்ச்ச வேண்டும்.

4. பாசனத்துக்காக நீரை இறக்கும்போது, எவ்வளவு ஆழத்தில் மீன்கள் துன்புற்றன என்பதைச் சில ஆண்டுகள் குறித்துவந்தால், அவ்வேரிக்குரிய எல்லை தானே புலப்படும். ஆயக்கட்டுதாரர்களும் மீன் குத்தகைதாரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதற்கு, அவ்வேரியிலேயே எடுத்த அளவைக் காட்டிலும் சிறந்த சாட்சி வேறில்லை.

ஆலோசனைக்குரிய வினாக்கள்

1. ஒரு குழியில் 5,000 முட்டைகள் உள்ளன. எல்லை 12 டிகிரி. சேதம் ஒரு டிகிரிக்கு நாளொன்றுக்கு 100-க்கு 2. நீர் 14 டிகிரியாக 10 நாட்கள் இருந்தால் மிஞ்சுபவை எத்தனை? 13 டிகிரியாக 20 நாட்கள் இருந்தால் எத்தனை?

விடை: முதலாவதில் சுமார் 3,324, இரண்டாவதில் சுமார் 3,338. இரண்டும் ஏறக்குறையச் சமமாயிருப்பதைக் கவனிக்க. கடுஞ்சூடு சில நாள் செய்யும் தீங்கை, இளஞ்சூடு பல நாள் இருந்தும் செய்யும்.

2. எல்லையை 15 டிகிரி என்று தவறாகக் கொண்டவர், மேற்கண்ட குழியைப்பற்றி என்ன சொல்லியிருப்பார்?

விடை: 5,000 முட்டைகளும் பிழைக்கும் என்று சொல்லியிருப்பார். அவர் கூட்டலிலும் பெருக்கலிலும் ஒரு பிழையும் இராது.

3. இவ்வூர் ஏரியில் சென்ற கோடையில் மீன் மடிந்ததுண்டா? உண்டெனில், அன்றைய நீரின் ஆழமும் உஷ்ணமும் எவ்வளவு? இதற்கு விடை கூறக்கூடிய குறிப்பு சங்கத்தில் இல்லையானால், அடுத்த கூட்டத்துக்கு முன் அந்நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதை அங்கத்தினர்கள் தீர்மானிப்பார்களாக.